உய்யக்கொண்டானில் சுழன்ற ஈர்க்கு

திருச்சி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள வாசுகி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணாவின் முதுகுவலி தேவலையா? உன் டியூஷன் பிள்ளைகள் பொதுத்தேர்வு எப்படி எழுதினார்களாம்? பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்குப் பங்குனி முடியப்போகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் மொத்தமாகத் திட்டிவிடு. வாட்ஸ்அப்பில் தட்டி முடிக்கிற சமாசாரம் இல்லை என்பதால்தான் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து முன்பைவிட மோசம். வங்கியில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை.

விஷயம் இதுதான்: நான் மறுபடியும் எம்-டூ படிக்கிறேன். அதேதான், நம் இன்ஜினியரிங் முதல் வருஷத்து இரண்டாம் கணக்குத் தாள்.

சிரித்தது போதும். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஐஐடிக்காரர்கள் இணையத்தில் நடத்துகிற என்பிடெல் பாடம், 12 வாரம். படிப்பது இலவசம், தேர்வு எழுதத்தான் காசு. வாராவாரம் ஒரு அசைன்மென்ட். பன்னிரண்டில் நன்றாகச் செய்த எட்டை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 25, தேர்வுக்கு 75. அங்கே 10, இங்கே 30 வாங்கினால் சான்றிதழ் உண்டு. நம் காலத்தில் 50 வாங்கினால்தான் பாஸ், அதற்கே எத்தனை பேர் சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டார்கள்! அசைன்மென்ட் கெடு புதன்கிழமை ராத்திரி. ஆகவே எங்கள் வீட்டில் புதன்கிழமை ராத்திரிகளில் உப்புமாதான். என் வீட்டுக்காரர் முதல் வாரம் பெருமைப்பட்டார், இரண்டாவது வாரம் பொறுத்துக்கொண்டார், இப்போது செவ்வாய்க்கிழமையே மாவு அரைத்து வைத்துவிடுகிறார். எங்கள் மேனேஜர் "புரமோஷனுக்கு இது எண்ணிக்கையில் வருமாம்மா?" என்று கேட்டார். வராது சார் என்றேன். அப்படிப் பார்த்தார், ஏதோ காசி யாத்திரை கிளம்புகிறவளைப் பார்க்கிற மாதிரி.

ஏன் திடீரென்று இந்தப் பைத்தியம் என்று நீயும் கேட்பாய். கடைசியில் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் பார்ஷியல் டிஃபரன்சியேஷன். இரண்டு மாறிகளில் ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் நகர்த்துவது. அது கை பழகினது, ஓடிவிட்டது. கிரேடியன்ட்டில்தான் முதல் அடி விழுந்தது. மலைக்கோட்டையை மேலிருந்து பார்த்து, ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைத்து ஒரு வரைபடம் வரைந்தால், கிரேடியன்ட் அந்தக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு எந்தப் பக்கம் ஏற்றம் மிக அதிகமோ அந்தப் பக்கம் கை காட்டும். இதுவரை சரி. அந்த அம்பு மலைமேல் சாய்ந்து நிற்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அது வரைபடத் தாளில் படுத்துக் கிடக்கிறது. எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது, ஏறுவது நம் பாடு. இதுகூடத் தெரியாமல் எத்தனை யூனிட் நார்மல் கண்டுபிடித்து இரண்டிரண்டு மார்க்காகச் சேர்த்தேன், யோசித்துப் பார்.

டபுள் இன்டெக்ரலில் வரிசையை மாற்றுகிற கணக்கு நினைவிருக்கிறதா? 'சேஞ்ச் தி ஆர்டர்' என்று கேள்வியிலேயே போட்டிருக்கும், நாமும் மாற்றுவோம். எதற்காக மாற்றுகிறோம் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு கணக்கு வந்தது. ஈ-யின் மேல் ஒய் ஸ்கொயர், எக்ஸ் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை, ஒய் எக்ஸிலிருந்து ஒன்று வரை. ஒய்-யை முதலில் எடுத்தால் தலைகீழாக நின்றாலும் வராது. அப்படி ஒரு இன்டெக்ரலுக்கு நமக்குத் தெரிந்த சாதாரண ஃபங்ஷன்களில் விடையே கிடையாதாம். ஆனால் அதே முக்கோணத்தைக் குறுக்குவாட்டில் நறுக்கினால், எக்ஸை முதலில் முடிக்கும்போது ஒரு ஒய் வெளியே வந்து விழுகிறது. அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது. ஈ-யில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் விடை. ராத்திரி பதினொன்றரைக்கு அடுக்களையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் பயந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் க்ரீன் தேற்றம். இதை வைத்து ஊரில் ஒரு பஞ்சாயத்தே தீர்த்துவிட்டேன். எங்கள் சித்தப்பாவைத் தெரியுமே, இரண்டு சென்ட் குறைகிறது, இரண்டு சென்ட் குறைகிறது என்று பத்து வருஷமாக அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறவர். வரப்பைச் சுற்றி வந்தாலே உள்ளே எவ்வளவு இடம் என்று சொல்லிவிடலாம், உள்ளே கால் வைக்கவே வேண்டாம் என்பதுதானே க்ரீன் சொல்வது? நில அளவைப் படத்தை வாங்கி நான்கு மூலைக்கும் மீட்டரில் புள்ளி குறித்தேன்: (0, 0), (40, 5), (45, 35), (5, 30). அடுத்தடுத்த மூலைகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்துக்கொண்டே சுற்றி வந்து, கூட்டி, பாதியாக்கினால் 1175 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 29 சென்ட்டும் ஒரு துளியும் வருகிறது. பட்டாவிலும் 29தான். சித்தப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படத்தையே தப்பாக வரைந்திருப்பான்" என்றார். இதற்கு எந்தத் தேற்றமும் உதவாது. அந்தக் காலத்தில் இதற்கென்றே பிளானிமீட்டர் என்று ஒரு கருவி இருந்ததாம். ஆம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1854-இல் செய்தது. படத்தின் ஓரத்தை அதன் முள்ளால் ஒரு சுற்று தடவினால், உருளுகிற சின்னச் சக்கரம் பரப்பளவைச் சொல்லிவிடும். க்ரீன் தேற்றத்துக்குக் கை கால் முளைத்த மாதிரி.

க்ரீன் யார் என்று நாம் என்றைக்காவது யோசித்தோமா? மாவு மில்காரர்! இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் காற்றாலை மில். அப்பா ரொட்டி சுடுகிறவர். பையன் பள்ளிக்கூடம் போனது ஒரு வருஷம்போல. 1828-இல் மின்சாரம், காந்தம் பற்றி ஒரு கட்டுரை எழுதிச் சந்தா சேர்த்து அச்சிட்டார். சந்தாதாரர்கள் 51 பேர். நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் போய் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தாராம் (எனக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது). 1841-இல் இறந்துபோனார். அதற்கு நான்கு வருஷம் கழித்துத்தான், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன தாம்சன் அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

இன்னொன்று கேள், இது உனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே தாம்சன் 1850 ஜூலை 2-ஆம் தேதி ஸ்டோக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நம்மை அழவைத்த ஸ்டோக்ஸ் தேற்றம் (உள்ளே இருக்கிற சுழற்சியையெல்லாம் கூட்டினால் ஓரத்தைச் சுற்றிப் போட்ட இன்டெக்ரல் வரும் என்பது, க்ரீனுக்கு அண்ணன்) அந்தக் கடிதத்தின் பின்குறிப்பில்தான் முதன்முதலில் வருகிறதாம். கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டு, 'பி.கு.' என்று போட்டு இதைச் சொருகியிருக்கிறார் மனிதர். ஸ்டோக்ஸ் என்ன செய்தார்? 1854-இல் கேம்பிரிட்ஜில் ஒரு பரிசுத் தேர்வில் அதைக் கேள்வியாகப் போட்டுவிட்டார்! அன்றைக்கு அந்தத் தேர்வை எழுதியவர்களில், பின்னாளில் மின்காந்தச் சமன்பாடுகளை எழுதிய மேக்ஸ்வெல்லும் ஒருவர். அதாவது அச்சில் அது வெளிவந்ததே கேள்வித்தாளாகத்தான். நாம் அதைப் 'பதினாறு மார்க்' என்று கூப்பிட்டதில் ஒரு தப்பும் இல்லை.

சரி, இப்போது வாய்க்காலுக்கு வருகிறேன்.

ஒன்பதாவது வாரம் கர்ல். ஆசிரியர் ஓர் ஆற்றை வரைந்தார். தண்ணீர் நேராகத்தான் போகிறது, நடுவில் வேகமாக, கரையோரம் மெதுவாக. அதில் ஒரு சின்னத் துடுப்புச் சக்கரத்தைப் போட்டார். எனக்கு அதற்குமேல் வீடியோ ஓடவில்லை, நான்தான் நிறுத்தினேன். நம் முதல் வருஷம், மாசி மாதம், புத்தூர்ப் பக்கம், உய்யக்கொண்டான் கரை. ஆறு மணிக்குள் விடுதிக்குப் போகாவிட்டால் வார்டன் 'மிலிட்டரி' கதவைச் சாத்திவிடுவாள் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். நீ இரண்டு தென்னை ஈர்க்கைக் கூட்டல் குறி மாதிரி நூலால் கட்டி, ஒரு முனையில் உன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டித் தண்ணீரில் விடுகிறாய். நடு வாய்க்காலில் விட்டது பொட்டு ஒரே பக்கம் பார்த்தபடி அப்படியே போயிற்று. கரையோரம் விட்டது சுற்றிக்கொண்டே போயிற்று. "பார்டி, தண்ணி நேராத்தான் போகுது, ஆனா இது சுத்துது. இந்தச் சுத்துதான் கர்ல்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் கேட்க மாட்டாங்க, வா."

கேட்கவில்லைதான். கேட்டது அந்தப் பாழாய்ப் போன கியூப், டைவர்ஜென்ஸ் தேற்றத்தை ஒரு கனசதுரத்தில் சரிபார்க்கிற கணக்கு. ஆறு முகம், ஆறு இன்டெக்ரல், எல்லாவற்றையும் கூட்டினால் 3/2. வலது முகத்தில் 2, ஒரு பக்கத்தில் கழித்தல் 1, மேலே அரை, மற்ற மூன்றும் பூஜ்யம். இன்னமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது என்னவென்று மட்டும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. அறைக்குள் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுதானே சுவர்கள் வழியாக வெளியே போக முடியும் என்று முதல் நாள் ராத்திரி எனக்கு எத்தனை முறை சொன்னாய்! பரீட்சையில் நீ அதை விளக்கி எழுதப் போய், நேரம் போதாமல் கடைசி இரண்டு பெரிய கேள்வியைத் தொடவே இல்லை. எனக்கு 61. உனக்கு 43.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த முறையே 80-க்கு மேல் வாங்கி முடித்துவிட்டாய். ஆனால் நான்காம் வருஷம் கேம்பஸுக்கு வந்த கம்பெனி 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' இருக்கக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது, உன்னை உள்ளே உட்காரவே விடவில்லை. எனக்கு ஆஃபர் வந்தது. பாலக்கரை பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தது நீ. அந்த ஆஃபரும் 2008-இல் 'சேரும் தேதியைப் பிறகு தெரிவிக்கிறோம்' என்று ஒரு மின்னஞ்சலோடு ஆவியாகிப்போனது, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, கர்ல் தெரிந்தவள் வெளியே நின்றாள், கியூப் தெரிந்தவள் உள்ளே போனாள். இருபது வருஷத்துக்கு மேலாக இதைப்பற்றி நாம் பேசியதே இல்லை. நீ பேச மாட்டாய். நானாவது பேசியிருக்க வேண்டும்.

போகட்டும், இப்போது எனக்கு ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும். அடுத்த வாரமே இதற்கு நேர்மாறாக ஒன்று நடத்தினார்கள். தண்ணீர் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. மையத்துக்குக் கிட்டே வேகம், தள்ளிப் போகப் போக அந்தத் தூரத்தின் விகிதத்தில் குறைகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் பாதி வேகம். சுழல் என்றால் இதுதான் சுழல், ஆனால் கர்ல் கணக்குப் போட்டால் மையத்தைத் தவிர எல்லா இடத்திலும் பூஜ்யம்! உன் ஈர்க்கை அதில் விட்டால் மையத்தைச் சுற்றி வருமாம், பொட்டு மட்டும் திரும்பாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஆனால் அதே வட்டத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு இன்டெக்ரல் போட்டால் பூஜ்யம் வரவில்லை, 2 பை வருகிறது. உள்ளே எங்கும் சுற்று இல்லை என்றால் ஓரத்தில் எப்படி வந்தது? மையத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அங்கே ஃபங்ஷனே கிடையாது, அதனால் க்ரீன் அங்கே செல்லாது என்கிறார்கள். படித்தேன், எழுதினேன், மார்க்கும் வந்தது. மறுபடி கியூப் மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடைப்பை எடுத்துவிட்டு, ஈர்க்கைப் போட்டுப் பார்த்தேன். அது குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. பிளம்பருக்கு முந்நூறு ரூபாய்.

தேர்வு அடுத்த சனிக்கிழமை காலை, இங்கேதான் ஏதோ ஒரு கல்லூரியில். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் நடுவில் மூக்குக்கண்ணாடியோடு போய் உட்கார வேண்டும். யாராவது என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நிற்கப் போகிறார்கள். அந்த ஓட்டை விஷயத்தை அதற்குள் ஃபோனிலாவது சொல்லிவிடு. அண்ணாவைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்கு முத்தம்.

உன்,
செல்வி

பி.கு. உன் நீல நோட்டை எடுத்தது கீதா இல்லை. பாவம், நான்கு வருஷமும் அவளைக் கிண்டல் செய்தோம். எம்-டூ பரீட்சைக்கு முதல் நாள் கியூபைப் பார்த்து எழுதுவதற்காக வாங்கினேன், லீவில் ஊருக்குப் போனபோது என் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. அதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. அரியருக்கு அதைத் தேடித் தேடி நீ அழுதபோது எடுத்துத் தர எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டில் வெள்ளையடிக்கப் பெட்டியை இறக்கியபோது மறுபடி பார்த்தேன். பின்னட்டையில் பென்சிலால் ஒரு வாய்க்கால் வரைந்திருக்கிறாய், இரண்டு ஈர்க்கும் இருக்கிறது. கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. தேர்வு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டைக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். வர வேண்டாம் என்றால் சொல்லிவிடு.