12 மறுபிறப்புகள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய கட்டுரை, ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் நாயகனைச் சாகாவரம் பெற்றவர் என்கிறது. ஏற்க முடியவில்லை. 1966இல் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி விலக, பேட்ரிக் டிரௌட்டன் என்ற வேறு நடிகரைக் கொண்டு தொடரை நடத்தவே, சாகும் தறுவாயில் நாயகன் புது உடலும் முகமும் பெறும் இந்த மறுபிறப்பு உத்தி உருவானது. 12 முறைக்கு மேல் கிடையாது என்று 1976இல் கதையிலேயே விதி வகுத்தார்கள்.

நினைவுகள் தொடரும், சுபாவமும் பேச்சும் போய்விடும். அது மரணம்தானே? 2017இல் அந்த வேடத்திலிருந்து நடிகர் பீட்டர் கபால்டி விடைபெற்றபோது என் பேத்தி விம்மி அழுதாள். அடுத்தவர் வந்துவிட்டாரே என்றேன். “அவர் வேறு, தாத்தா” என்றாள்.

2013இல் நாயகனுக்கு மறுபிறப்புகளின் புதிய சுற்று ஒன்றை வழங்கி அந்த விதியைத் தளர்த்தியதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். எண்ணிக்கை குறையக் குறையத்தான் ஒவ்வொரு சாவும் நெஞ்சை அழுத்தியது. கட்டுரையாளர் இதை அவசியம் எழுதியிருக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மாட்டுங்கா, மும்பை