ஒரு டாலருக்கு விற்ற படம்

அன்புள்ள பாண்டி,

எட்டு மாதமாகப் பதில் போடாதவனுக்கு என்ன தண்டனையோ அதை நீயே சொல்லிவிடு. "செத்துட்டியா, இல்ல டீன் ஆயிட்டியா" என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம். பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் இது புரியாது.

இங்கே அமெரிக்காவில் நான் நூலகராக இருக்கும் கல்லூரியில் ஒரு பேராசிரியை, ஒன்பதாவது வார வகுப்புக்கு ஒரு பழைய ஆவணப்படத்தைப் பாடமாக வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு போன் செய்து, "படத்தைக் காணோம்" என்றார். பார்த்தால் ஸ்ட்ரீமிங் உரிமம் முந்தின நாள் நள்ளிரவோடு முடிந்திருக்கிறது. பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். தயாரிப்பாளருடன் தங்களுக்கு இருந்த ஒப்பந்தமே முடிந்துவிட்டது, அந்தப் படம் இனி கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பெயரைக் கேட்காதே, எழுதமாட்டேன்.

டிவிடியாவது இருக்குமே என்று பதிவேட்டைத் திறந்தேன். இருந்தது, 2006இல் வாங்கியது. பொதுத் திரையிடல் உரிமையோடு 295 டாலர். பக்கத்துக் கட்டத்தில், இரண்டு வருடத்துக்கு முன் நீக்கம் செய்யப்பட்டது என்று இருக்கிறது. காரணம்: 'ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது'. கீழே கையெழுத்து யாருடையது என்று சொல்ல வேண்டுமா? பழைய புத்தக விற்பனையில் டிவிடித் தட்டு ஒன்று ஒரு டாலர் என்று நானே மேஜை போட்டு உட்கார்ந்து விற்றேன்டா. சமோசா வேறு வாங்கி வைத்திருந்தேன்.

அன்று நான் விற்றது வெறும் பிளாஸ்டிக் தட்டு இல்லை. இங்கே 1976 பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வாங்கிய தட்டை நூலகம் யாருக்கு வேண்டுமானாலும் இரவல் தரலாம், தேயும்வரை தரலாம். 110ஆம் பிரிவுப்படி ஆசிரியர் வகுப்பறையில் நேருக்கு நேர் போட்டுக் காட்டலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் நமக்குச் சொந்தம் என்று கையில் ஒன்றும் வருவதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்குச் சட்டம்.

அந்த ஒப்பந்தத்தின் லட்சணத்தைக் கேள். பட்டியலில் ஆயிரக்கணக்கான படங்களைத் திறந்து வைத்துவிடுவார்கள். இப்போதைக்கு இலவசம், யாராவது பார்த்தால்தான் காசு. பார்ப்பது என்றால் முப்பது நொடி. ஒரு படத்தை நாலு தடவை முப்பது நொடி ஓட்டிவிட்டால் ஒரு வருட உரிமம் எங்கள் தலையில் விழும், 150 டாலர். ஞாயிறு ராத்திரி ஒருத்தன் திறக்கிறான், கறுப்பு வெள்ளை என்று தெரிந்ததும் மூடுகிறான். முப்பத்தைந்து நொடி ஆகிவிட்டது. அவன் அறைத்தோழனும் இன்னும் இரண்டு பேரும் இப்படியே எட்டிப் பார்க்கிறார்கள். முழுசாக யாருமே பார்க்காத படத்துக்கு 150 டாலர். வருடத்துக்கென்று கட்டிவைத்த தொகை அக்டோபரிலேயே தீர்ந்தது. இதைத்தான் நான் கூட்டத்தில் 'வாசகர் தேவைக்கேற்ற கொள்முதல்' என்று ஸ்லைடு போட்டுப் புகழ்ந்திருந்தேன்.

பெரிய இடங்களே மூச்சுத் திணறித்தான் போயின. 2019 ஜூலையில் நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் பொது நூலகங்கள் மூன்றும் செலவு கட்டவில்லை என்று கனோப்பி என்ற ஸ்ட்ரீமிங் சேவையை நிறுத்தின. அங்கே கணக்கு வேறு, ஒவ்வொரு பார்வைக்கும் காசு. ஆனால் மாசக் கடைசியில் வருகிற வயிற்றுவலி ஒன்றுதான்.

அப்புறம், "நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறதே, அதை வாங்கிவிடுங்களேன்" என்று வாரம் ஒருவர் வந்து நிற்கிறார். அவர்கள் எடுத்த படங்களுக்கு நூலகச் சந்தா என்று ஒன்றே கிடையாது, கணக்கு தனிநபருக்கு மட்டும்தான். சில ஆவணப்படங்களை வகுப்பில் போட அனுமதிக்கிறார்கள், அவ்வளவே. சொன்னால் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்கள்.

பரோட்டாக் கடையில் நூலகவியல் தந்தை ரங்கநாதனின் ஐந்து விதியை ஒப்பிக்கும்போது, 'நூலகம் ஒரு வளரும் உயிரி' என்ற ஐந்தாவதை நீ 'நூலகம் ஒரு வளர்ப்புப் பிராணி' என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது என்னுடையது நிஜமாகவே அதுதான். தீனி போட்டால்தான் வாலை ஆட்டுகிறது.

நீ மட்டும் இந்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் என்று மார்தட்டி எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். ஆனால் அது ஆய்விதழ்களுக்கு மட்டும்தானே, படம் ஒன்றுகூட இல்லையே மாப்ள. உன் உண்மையான சொத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவு. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் உட்கார்ந்தால் கல்லூரியில் படம் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. சனிக்கிழமை திரையிடலை விட்டுவிடாதே.

கதையை முடிக்கவில்லையே. அன்று மத்தியானம் அந்தப் பேராசிரியையே சிரித்துக்கொண்டு வந்தார். கையில் தட்டு, நீல உறை, எங்கள் பார்கோடு, அதன் குறுக்கே நான் குத்திய 'நீக்கப்பட்டது' முத்திரை. விற்பனையன்று வாங்கிய பெண்மணி இவர்தான், எனக்கு முகமே ஞாபகமில்லை. வகுப்பறைக் கணினியில் தட்டுப் போட இடமில்லை, என் கணினியிலும் இல்லை. கணினிப் பிரிவுக்காரர் ஒருவர் பழைய டிரைவ் ஒன்றை இழுப்பறையிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு கீறல், படம் நின்று நின்று போனது. யாரும் எழுந்து போகவில்லை.

வகுப்பு முடிந்ததும், மற்ற மாணவர்களும் பார்க்க வேண்டும், நூலகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்றார். இருபத்திரண்டு வருடமாக இதே வசனத்தை ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வியாழக்கிழமை கெடு.

உங்கள் ஸ்டோர் ரூமில் கிடக்கும் அந்த விஎச்எஸ் வீடியோ நாடாப் பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொல்லிக் கல்லூரி முதல்வர் உத்தரவு என்று எழுதியிருந்தாயே, போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் முதலில் பூட்டைப் போடு, சாவியை நீயே வைத்துக்கொள். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. எட்டு மாதம் ஆக்காதே, அது என் பழக்கம்.

உன்,
முருகேசன்