'குடிச்சு சீரழிஞ்சாங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல லெஸ்லி மார்மன் சில்கோ எழுதுன 'செரிமனி' நாவலுக்கு ஒரு அறிமுகம் போட்டிருந்தீங்க. 1977-ல வந்த ஒரு அமெரிக்க பூர்வகுடி நாவலுக்கு நம்ம பேப்பர்ல அரைப்பக்கம் கெடைச்சதே பெருசு, அதுக்கு நன்றி. ஆனா ரெண்டாம் உலகப்போருக்குப் போயிட்டு வந்த அந்த பூர்வகுடி பையனுங்கள "குடியால சீரழிஞ்சவர்கள்"னு கட்டுரையாளர் ஒரே வரியில தள்ளிட்டாரு பாருங்க, அதான் எனக்கு சுருக்குன்னுச்சு. மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்த யாருக்கும் இது பழகுன வரி, நம்மளப் பத்தியும் தொரைமாருங்க இதத்தான் சொல்லிட்டுப் போனாங்க. கள்ளுக்கடைய தோட்டத்துக்குள்ளயே தொறந்து வச்சது யாரு, 1947-ல கெடா மாநிலத்துல தொண்டர் படைங்கற தோட்டத் தமிழ் இளைஞர் அமைப்பு பையனுங்க அத மூடச் சொல்லி கெளம்புனப்ப போலீஸ கூப்புட்டது யாரு, அதெல்லாம் பேச்சே கெடையாது, கூலிக்காரன்னா குடிகாரன், முடிஞ்சு போச்சு கதை.

நாவல்ல அந்த பார் சீன கொஞ்சம் நின்னு படிச்சுப் பாருங்க. யூனிஃபார்ம் போட்டிருந்த வரைக்கும் அவனுங்களுக்கு எல்லா எடத்துலயும் மரியாதை, வெள்ளக்காரப் பொண்ணுங்க கூட டான்ஸ் ஆடுனாங்க, போர் முடிஞ்சு யூனிஃபார்ம கழட்டுனதும் சில்லறை குடுக்கற அம்மா கையில கை படாம காச வைக்குது. கை படாம காசு! இத நமக்கு யாராச்சும் வெளக்கணுமா சார்? அவனுங்க சாராயத்துக்காக மட்டும் அங்க ஒக்காரல, தன்னையும் மனுசனா மதிச்ச அந்த கொஞ்ச நாள பேசிப் பேசி திரும்பக் கொண்டாறப் பாக்கறானுங்க. ஏமோன்னு ஒருத்தன் செத்த ஜப்பான்காரனோட பல்ல பையில போட்டு குலுக்கிக்கிட்டே திரியறான், அவன நெனச்சா பயமாவும் இருக்கு பாவமாவும் இருக்கு.

இது சும்மா கற்பனையும் இல்ல. ஈவோ ஜீமா தீவுல 1945-ல கொடி நட்ட போட்டோவுல இருக்கற ஐரா ஹேய்ஸ் பீமா பூர்வகுடி ஆளு, ஊரே தூக்கி வச்சு ஆடுன மனுசன், 1955-ல 32 வயசுல குளுர்ல செத்துக் கெடந்தாரு, அவரையும் குடிகாரன்னுதான் சொன்னாங்க. நாவல் நடக்கற நியூ மெக்சிக்கோவுல ரிசர்வேஷன்ல இருந்த பூர்வகுடிக்கு ஓட்டு கெடைச்சதே 1948-லதான், அதுவும் மிகுவல் துருஹியோன்னு போருக்குப் போயிட்டு வந்த ஒரு மெரின் படை சிப்பாய் கோர்ட்டுக்குப் போயி வாங்குனது.

கதாநாயகன் டாயோவுக்கு மனசு ஒடைஞ்சது பிலிப்பைன்ஸ்ல. ஜப்பான்காரன்கிட்ட கைதியா மாட்டி, அடிபட்ட அண்ணன் ரோக்கிய காட்டுல தூக்கிக்கிட்டுப் போறப்ப மழை விடாம ஊத்துது, அந்த மழைய அவன் வாய்விட்டு சபிச்சிடறான், ரோக்கியும் பொழைக்கல. ஊருக்கு வந்தா வருசக் கணக்கா வறட்சி, மாடு கன்னு வாடுது, நாந்தான் மழைய வெரட்டிட்டேன்னு அவனுக்கு. நான் இந்த எடத்துல புஸ்தகத்த கீழ வச்சிட்டேன். மழை பேஞ்சா ரப்பர் பால்வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல, எங்க லயத்துல (தோட்டத்து வீட்டு வரிசையில) மழைய திட்டாத வாய் கெடையாது.

எங்க பெரிய தாத்தாவையும் அதே ஜப்பான்காரன்தான் கொண்டு போனான், சிப்பாயா இல்ல, சயாம்-பர்மா ரயில் பாதை போடற வேலைக்கு. 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபர்ல முடிச்சானுங்க, மலாயாவுல இருந்து போன ஆயிரக்கணக்கான தமிழாளுங்க திரும்பல. இவரு திரும்புனாரு. வீட்டுல யாருக்காச்சும் வயித்தால போச்சுன்னா போதும், பாய சுருட்டிக்கிட்டு வெளிய பால்மரத்தடிக்குப் போயிடுவாரு, கூப்புட்டாலும் வர மாட்டாரு. கேம்ப்புல காலரா வந்து பக்கத்துல படுத்தவன் விடியறதுக்குள்ள போயிட்டான்னு அப்பாயிதான் சொல்லும். அவரும் கள்ளு குடிச்சாரு. ஊர்ல அவருக்கு வச்ச பேரு என்னன்னு நான் எழுதணுமா?

இன்னொன்னு. நாங்க இருக்கறது சுங்கை சிப்புட்டு. கம்யூனிஸ்டுங்கள அடக்க வெள்ளக்காரன் போட்ட அவசரகாலம் ஆரம்பிச்சதே இங்கதான், 1948 ஜூன் 16, கம்யூனிஸ்டுங்க ரெண்டு தோட்டத்துல மூணு தொரைங்கள சுட்டாங்க, அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் மலையில இருந்த ஓராங் அஸ்லி (மலாயா பூர்வகுடி) சனங்கள கீழ எறக்கி முள்ளுக்கம்பிக்குள்ள அடைச்சதும், சூடு தாங்காம சீக்கு வந்து எத்தனையோ பேரு செத்ததும் எத்தன பேருக்குத் தெரியும்? அப்புறம் 1956-ல அதே சனத்துலேர்ந்து ஆளெடுத்து செனோய் பிராக் படைய அமைச்சு, அதே காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்ட தேட அனுப்புனாங்க. அந்தப் பக்கமும் சில எடத்துல அவங்க சொந்தக்காரங்களே இருந்தாங்க. சொந்தக் காட்டுல சொந்தத்தையே தேடிப் போன மனுசனுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வந்திருக்கும்? அவங்க இருக்கற நெலத்துக்கு இன்னைக்கும் பெரும்பாலும் கிராண்ட் (நெலப் பட்டா) கெடையாது. டாயோ சனத்தோட நெலத்துலயும் இப்படித்தான் சார், யுரேனியத்த தோண்டி எடுத்துட்டுப் போயிட்டானுங்க.

மலைப் பக்கத்துல இருந்து டெமியார்ங்கற ஓராங் அஸ்லி ஆளுங்க பெத்தாய்க் காய் கட்டு, ரோத்தான் (பிரம்பு) எல்லாம் மோட்டார்ல கட்டிக்கிட்டு டவுனுக்கு வர்றாங்க. பெத்தாய்க்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொறைக்க அரைமணி நேரம் வாதாடுவோம், நீங்க செனோய் பிராக் சர்வீஸ்ல இருந்தீங்களாய்யான்னு கேக்க மாட்டோம். நானுந்தான் கேட்டதில்ல. நம்மள அவங்க தோட்டத்தான்னும் நாம அவங்கள காட்டான்னும் நெனச்சிக்கிட்டே இத்தன வருசம் ஓடிடுச்சு.

டாயோவ ஆஸ்பத்திரியில வெள்ளக்கார டாக்டருங்க உன்ன மட்டும் நெனச்சுக்கோன்னு சொல்லுவாங்க, அது வேலைக்காகல, பழையபடி சனத்தோட சேந்து, அவங்க சடங்கோட, கதையோட சேந்துதான் அவன் எந்திரிக்கறான். கட்டுரையாளர் இந்தப் பகுதிய "மூடநம்பிக்கை கலந்த"ன்னு எழுதியிருக்காரு, போகட்டும், அவரு அபிப்ராயம்.

என் கோரிக்கை இதுதான். 1956-ல செனோய் பிராக்ல சேந்தவங்கன்னா இன்னைக்கு தொண்ணூற ஒட்டுன வயசு, இருக்கறவங்களே கொஞ்சம் பேருதான் இருக்கும். ஒரு நிருபர அனுப்புங்க, மலாய் நல்லா பேசறவரா பாத்து, அவசரப்படாம காப்பி குடிச்சிட்டு ஒக்காந்து கேக்கற ஆளா இருக்கட்டும். லாசா சடக்கு (ரோடு) வரைக்கும் காரு போகும், அதுக்கு மேல நாலு சக்கர வண்டி வேணும். எங்க பக்கத்து வீட்டு தம்பிகிட்ட ஹைலக்ஸ் ஒண்ணு இருக்கு, பேசி வச்சிருக்கேன், எண்ணெய் காசு என்னோடது.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்