நனைந்த தூணைச் சோதித்துவிட்டு அனுமதி கொடுங்கள்

கைவிடப்பட்ட நிலத்தடிக் கல் குவாரிகளின் மேல் கட்டட அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் கோப்பில் 'பாறை வலிமை' என்று ஓர் எண் இருக்கும். ஆய்வகத்தில் உலர்ந்த, விரிசல் இல்லாத, கைக்கு அடக்கமான ஒரு துண்டை நசுக்கிப் பார்த்து எழுதிய எண் அது. கூரையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்ட கல்தான் கீழே நிற்கும் தூண். அதுவோ ஈரத்தில் ஊறியது, பிளவு ஓடியது, பல தலைமுறையாகப் பாரம் சுமப்பது. சீமைச்சுண்ணாம்புப் பாறை நனைந்தாலே வலிமையில் ஏறக்குறைய பாதி போய்விடும். உங்களை நான் கெஞ்சிக் கேட்பது, அந்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கில் மூன்று பங்கு கல்லை வெட்டி எடுத்த இடத்தில், மிச்சத் தூண்களின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 20 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 16 கிலோ. மிக மென்மையான கல் நனைந்திருந்தால் அதன் தாங்கும் எல்லையே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு தூண் நொறுங்கினால் அதன் பாரம் அடுத்த தூண்களுக்குப் போகும், அப்புறம் அதற்கும் அடுத்தவற்றுக்கு. 1961 ஜூன் 1 அன்று பாரிஸை ஒட்டிய கிளாமாரில் பழைய சீமைச்சுண்ணாம்புக் குவாரி இடிந்து விழுந்தது. 21 பேர் இறந்தார்கள்.

தூண்கள் நின்றாலும் கூரை உதிரலாம். உதிர்ந்த கல் தளர்ந்து அதிக இடம் பிடிக்கும் என்பதால், தூண்களுக்கு இடையிலுள்ள அறை தாழ்வாக இருந்தால் கூரையில் விழுந்த பொந்து தானாகவே அடைபட்டுவிடும். அறை உயரமாக இருந்தாலோ, தண்ணீர் அந்தச் சிதறலை அரித்துக்கொண்டு போனாலோ, பொந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தரையில் பள்ளம் விழும் நாள்வரை மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

கீழே இறங்கினால் தெரியும். தூணின் நடுப்பகுதி செதில் செதிலாக உதிர்ந்து உடுக்கை போல இடுப்புச் சிறுத்திருக்கும். அடியில் புதுத் தூள் வெளுப்பாகக் கிடக்கும். கூரையைக் கம்பியால் தட்டினால் நல்ல கல் கணீரென்கும், பிரிந்து தொங்கும் கல் பொத்தென்று ஒலிக்கும்.

பாரிஸில் 1774இல் ஒரு தெரு உள்வாங்கியது. 1777இல் குவாரிகளைக் கண்காணிக்கவென்றே ஒரு துறையை அமைத்தார்கள். அது இன்றும் வேலை செய்கிறது. உங்களிடமும் அப்படி நிரந்தரமாக இறங்கிப் பார்க்க ஆள் வேண்டும். கல்லை நனைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குவாரிக்கு மேலே கழிவுநீர் உறிஞ்சுகுழி தோண்ட விடாதீர்கள், கசியும் குடிநீர்க் குழாயை உடனே சரிசெய்யுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் எண் எழுதி, ஒரே கோணத்தில் ஆண்டுதோறும் படம் எடுத்து வையுங்கள். முதல் படத்தை இந்த மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அக்கறையுடன்,
குவாரிகளுக்குள் இறங்கிப் பழகிய ஒரு நிலப்பொறியாளர்