நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்ற கணக்கு முடிந்துவிட்டது. அறிக்கையில் கணக்கு போட்டவர்களின் பெயர்தான் முன்னால் வரும். அந்தக் கணக்கு யாரால் நிற்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, வராமல் நின்றுபோன நோயாளிகளைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தவர்களுக்கு. எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிரோடிருந்தார்கள் என்பதை வளைகோடாக வரையும் கப்லன்-மெயர் முறையில், தொடர்பு அறுந்தவர் கடைசியாக வந்த நாள்வரைதான் கணக்கில் இருப்பார். பிறகு அவர் கதியும் மற்றவர்களுடையதைப் போன்றதே என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் பலர் நடக்க முடியாமல்தான் வராமல் போகிறார்கள். 14ஆம் மாதம் வந்தவர் 15ஆம் மாதம் இறந்தது தெரியாவிட்டால், வளைகோடு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது. சிகிச்சை உண்மையைவிட நல்லதாகத் தெரியும். ஓர் எண் கிடைக்காவிட்டால் உறவினர் எண்ணுக்குப் போட்டீர்கள். "இறந்துவிட்டார்" என்ற பதிலோடு விடாமல் தேதியையும் கேட்டு எழுதினீர்கள். துக்க வீட்டில் தேதி கேட்பது லேசான வேலையா?

பதிவறையில் இருப்பவர்களே, பயாப்சி முடிவு வந்த தேதியையும் சிகிச்சை தொடங்கிய தேதியையும் தனித்தனியே குறித்தீர்கள். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மட்டும் எண்ணினால், அதற்கு முன்பே இறந்தவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள். பெட் சிடி, மூளை எம்ஆர்ஐ யாருக்கு எடுத்தது, யாருக்கு எடுக்கவில்லை என்ற குறிப்பும் அதே அளவு முக்கியம். ஒளிந்திருந்த பரவல் ஸ்கேனில் தெரிந்தால், மூன்றாம் நிலையில் இருந்தவர் நான்காம் நிலைக்குப் போவார். மூன்றாம் நிலையில் குறைவாக வாழ்பவர் வெளியேறுகிறார்; நான்காம் நிலைக்கோ அவர் அங்குள்ளவர்களைவிட நெடுநாள் வாழ்பவராக வருகிறார். அப்போது இரண்டு நிலைகளின் வாழ்நாள் சராசரியுமே உயரக்கூடும், ஒருவர்கூட ஒரு நாள் அதிகம் வாழாமலே!

திசு ஆய்வகத்துக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஊசியில் வருவது நூலளவு திசு. அதை 10% ஃபார்மலினில் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வைத்தெடுத்தீர்கள். குறைந்தால் சரியாகப் பதப்படாது. நாள்கணக்கில் கிடந்தால் டிஎன்ஏ சிதையும். நோய் பரவிய எலும்பிலிருந்து எடுத்த திசுவை மென்மையாக்க, டிஎன்ஏவைக் கெடுக்கும் வலுவான அமிலத்தை விட்டு இடிடிஏ என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினீர்கள். திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகுக் கட்டியை ஒவ்வொரு தடவை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மாட்டும்போதும் முகம் சமப்படுத்துவதிலேயே திசு போய்விடும் என்பதால், தேவையான சீவல்களை ஒரே தடவையில் எடுத்துவைத்தீர்கள். புற்றுநோயின் வகையைக் காட்டும் டிடிஎஃப்-1, பி40 சாயங்களோடு நிறுத்தி, மிச்சத்தை எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடி-எல்1 சோதனைகளுக்குக் காப்பாற்றினீர்கள். ஃப்ளாரா என்ற மருந்து ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருந்து ஓசிமெர்டினிப் மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 38.6 மாதம், முந்தைய மாத்திரைகளில் 31.8. திசு தீர்ந்துபோனால் அந்த மாற்றம் இருப்பதே தெரியாமல் போகலாம்.

வலி நிவாரணச் செவிலியர்களுக்கும் நன்றி. உங்கள் பணி ஆறுதலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் 2010இல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்கட்டும்: பரவிய நோயில் தொடக்கத்திலேயே இந்தக் கவனிப்பைப் பெற்றவர்கள் 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். இரண்டும் இடைநிலைக் கணக்கு.

கடைசியாகக் குடும்பத்தினருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எத்தனை வருடம், எப்போது விட்டார் என்று கேட்டபோது, அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் சரியான பதில் தந்தீர்கள். புகையே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்கள் வீட்டாரும் அதே கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்