மிஷன் செயற்குழுவுக்கு, கம்போடியாவின் பட்டாம்பாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஐயாமார்களுக்கு, ஸ்தோத்திரம்.

நம் மிஷனின் போன மாதப் பத்திரிகை அட்டைப்படத்தைப் பற்றி இரண்டு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. காணிக்கை கொடுக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்போது வெளிப்படையாக எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: இங்குள்ளவர்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் அச்சிடாதீர்கள்.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். கம்போடியாவில் முன்னோருக்குப் படைக்கிற 15 நாள் பண்டிகை பிச்சும் பென். பக்கத்து வீட்டு மிங் விடியுமுன்னே எழுந்து, எள் கலந்த சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மிங் என்றால் கெமர் மொழியில் சித்தி. படம் எடுக்கட்டுமா என்றேன். "எடு, உன் அம்மாவுக்குக் காட்டு" என்றார். அதை ஜெபக் கடிதத்தோடு உங்களுக்கும் அனுப்பியது என் தவறு. மிங்கிடம் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் 'இருளில் தவிக்கும் ஆத்துமாக்கள்' என்று அதன்கீழ் போட்டு, வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்தது நீங்கள். நீங்கள் முகநூலிலும் போட்ட அதை மிங்கின் பேத்தி பார்த்து, போனிலேயே மொழிபெயர்த்து, பாட்டிக்கு வாசித்துக் காட்டிவிட்டாள்.

டெங்கு காய்ச்சலில் நான் 9 நாள் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் மிங். கெமர் எழுத்து எங்கள் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னேன். "அப்படியானால் நீ எனக்குப் பழைய சொந்தம்" என்றார். ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கிளம்புமுன் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நும் பன்சோக் வரும். அரிசி இடியாப்பம் மாதிரி, மேலே மீன் குழம்பு. வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். சுண்டலோ பணியாரமோ வைத்துத்தான் கொடுப்பேன். 6 வருஷமாக அந்தக் கிண்ணம் போய்வந்துகொண்டிருந்தது.

இப்போது நாலு ஞாயிறாக என் அடுக்களையில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. இரண்டு தடவை அதிரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவை கதவு திறக்கவில்லை. அடுத்த தடவை திறந்தார். "அந்தச் சோறு என் அப்பாவுக்கும் இரண்டு அண்ணன்களுக்கும். கொடுங்கோலன் பொல் பாட் ஆண்ட காலத்துப் பட்டினியில் செத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. அதைக் காட்டியா காசு கேட்டீர்கள்?" என்றார். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

மாதாமாதம் படிவம் அனுப்புகிறீர்கள். சந்தித்த வீடு எத்தனை, கொடுத்த கைப்பிரதி எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை? மிங்கோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்த சாயங்காலங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நேரத்தை வீணாக்குவதாகக் கடிதம் வருகிறது. ஊரையும் உறவையும் விட்டு வந்தவளுக்கு வாரம் முழுக்க ஐக்கியம் என்று இருந்தது அந்த வாசல்படிதான், ஐயா.

1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் நடுவில் நம் வெள்ளாளன்விளை அசரியா, பின்னாளில் பேராயரானவர், எழுந்து பேசினார். அவர்கள் செய்த தியாகங்களையெல்லாம் நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். மேடைக்கு மேடை அவர் பேரைச் சொல்கிறோம். அன்று அவர் நின்ற இடத்தில் இன்று மிங் நிற்கிறார். அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நாற்காலியில் நாம் இருக்கிறோம்.

சரி, மனத்தாங்கலில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி யாருடைய படத்தையும் கேட்காமல் போடாதீர்கள். அப்புறம், மிங்குக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், தலைவர் ஐயாவின் கையெழுத்தோடு. தமிழில் இருந்தால் போதும், நான் கெமரில் வாசித்துக் காட்டுகிறேன். அடுத்த ஞாயிறுக்குள் வந்துவிட்டால் கிண்ணத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
பட்டாம்பாங் பணித்தளத்து ஊழியக்காரி