செயலாளர் ஆண்டறிக்கை: புது ஏர் ரைஃபிள்களின் பூச்சுக் குறைகள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பயிற்சி நாள்கள், போட்டி முடிவுகள் பற்றிய விவரம் தனித் தாளாக உங்கள் கையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் பராமரிப்பு மேசைக்கு வந்த வேலைக்கே ஒதுக்குகிறேன். புதிதாகச் சேரும் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கால் அழுத்திய காற்றால் குண்டைத் தள்ளும் குறைந்த விலை ஸ்பிரிங் ஏர் ரைஃபிளோடுதான் வருகிறார்கள். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் அதற்கு உரிமம் தேவையில்லை. பெட்டியைப் பிரித்ததும் குழலில் திட்டுத்திட்டான நிறம், தோளில் அணைக்கும் மரக்கட்டையில் வார்னிஷ் வழிந்த தடம், திருகுத் தலையில் துரு என்று ஏதாவது ஒன்று கண்ணில் படுகிறது. உடனே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். மேசைக்கு வந்த சிக்கல்களில் பல அப்படித் தொடங்கியவையே.

விலை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மெருகேற்றும் கைவேலை குறைவதுதான். குழலுக்குக் கறுநிறம் தரும் புளூயிங் என்பது பெயின்ட் அல்ல. சூடான காரத் தொட்டியில் இரும்பின் மேற்பரப்பே கறுப்பு ஆக்சைடாக மாறுவது அது. அடியில் இருக்கும் கீறலை அது மறைக்காது, எடுத்துக் காட்டும். குழலும், காற்றை அழுத்தும் சிலிண்டரும் வெவ்வேறு எஃகு என்பதால் ஒரே தொட்டியில் முக்கினாலும் நிறம் சற்று மாறும். வார்ப்புப் பாகங்களில் தெரியும் கத்தரிப்பூ நிறமும் துரு அல்ல. இவை இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் இணைப்பு இடுக்குகளில் வெண்மையாகவோ பழுப்பாகவோ ஏதாவது கசிந்திருந்தால் அது தொட்டி உப்பு. அதை விட்டால் துருவாகும். சூடான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய எண்ணெயை இடுக்கில் விட வேண்டும். அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே தடவையில் முழுவதும் வெளிவந்துவிடாது.

எதையும் தொடும் முன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையின் கைப்பிடிப் பகுதியில் விரிசல், சிலிண்டரில் நெளிவு, குழலுக்குள் துருக்குழி, மூடிய பின்னும் குழல் இணைப்பில் ஆட்டம் ஆகியவை விற்றவரிடம் திரும்பிப் போக வேண்டியவை. குழல் வாயைப் பஞ்சுக் குச்சியால் உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் நூல் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. அதை அரத்தால் நீவாதீர்கள். வாய் ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் குறி சரியாக அமையாது. ஒருமுறை தேய்த்துவிட்ட துப்பாக்கிக்கு உத்தரவாதம் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வரிசை எண் பொறித்த இடத்தில் எந்த வேலையும் கூடாது. அங்கே முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள்.

மேல்துருவுக்கு எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, 0000 எண் ஸ்டீல் வுல்லால் (மிக நுண்ணிய எஃகு இழைப் பஞ்சு) அழுத்தாமல் தேய்த்தாலே போதும். பித்தளை துலக்கும் பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ வினிகரோ போட்டால் துருவோடு புளூயிங்கும் போய்விடும். கடையில் விற்கும் துரு நீக்கிகளும் அமிலம்தான், விளைவும் அதேதான்.

கீறல் விழுந்து வெள்ளை இரும்பு தெரிந்தால் சூடான தொட்டி இல்லாமலே இரும்பைக் கறுப்பாக்கும் கோல்ட் புளூ (cold blue) திரவம் பயன்படும். சிறிய இடத்துக்கு மட்டும். முழுக் குழலையும் அதனால் கறுப்பாக்க முயன்றால் மேகமேகமாக நிற்கும், விரைவில் தேய்ந்தும் போகும். அது சரியாகப் பிடிக்காததற்கு முக்கியக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. அசிட்டோனால் துடைத்து, வேறு துணியால் இன்னொரு முறை துடையுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது. ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சில் திரவத்தைத் தொட்டு ஒரே சீராகத் தடவுங்கள். ஒரு நிமிடத்தில் தண்ணீரால் கழுவித் துடைத்து, 0000 வுல்லால் மெல்ல நீவி, இதையே 3 அல்லது 4 முறை செய்யுங்கள். கடைசியில் சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டவர்களுக்குத்தான் மறுநாளே செந்துரு பூக்கிறது. இத்திரவங்களில் பெரும்பாலும் செலினியம் சேர்ந்திருக்கிறது. அது நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம், சமையலறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஸ்கோப் பொருத்தும் ரயில் அலுமினியமாகவும் டிரிகர் காப்பு துத்தநாக வார்ப்பாகவும் இருக்கும் மாடல்கள் பல. அவற்றின் மேல் இத்திரவம் இரும்பில் போல வேலை செய்யாது. அங்கே உரிந்த இடத்துக்குக் கறுப்பு எனாமல் பெயின்ட்தான்.

மரக்கட்டைக்கு வருவோம். வழிந்து உறைந்த வார்னிஷை முதலில் பிளேடால் சுரண்டி, பிறகு 400 எண் நீர்த்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் சமமாகும். அடிபட்ட பள்ளம் என்றால், மர நார் அறுபடாதவரை ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் அதைத் தூக்கிவிடும். வார்னிஷை நீக்கிய இடத்தில்தான் நீராவி உள்ளே இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணெய் மெருகு விரும்புவோர் 180, 240, 320 என்று தாளை ஏற்றிக்கொண்டே போய், இடையில் ஈரத்துணியால் துடைத்து எழும் நாரையும் நீவிவிட்டு, கொதித்த லின்சீட் ஆயிலை மெல்லியதாகத் தடவுங்கள். கால் மணி கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட வேண்டும். கோடையில் ஒரு நாள் இடைவெளி போதும். ஐப்பசி மழையில் மூன்று நாளும் ஆகலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் குறைகள். நம்மைப் போன்ற கடலோர ஊர்களில் துப்பாக்கியைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத இடம்தான். குண்டில்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முன்பக்கத் திருகுகளையும் டிரிகர் காப்புத் திருகுகளையும் கழற்றிக் கட்டையைப் பிரித்துப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் உட்பள்ளம் பெரும்பாலும் பூச்சு இல்லாத வெறும் மரமாகவே விடப்பட்டிருக்கும். பின்பக்க ரப்பர் பட்டைக்கு அடியிலும் அப்படியே. மழைக்காலத்தில் அங்கே ஏறும் ஈரம் கட்டையை உப்பவைக்கிறது, திருகு இறுக்கத்தை மாற்றுகிறது, மரத்தோடு ஒட்டியிருக்கும் சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் துருவாக்குகிறது. உட்பள்ளத்துக்கும் பின்முனைக்கும் ஷெல்லாக் அல்லது பாலியூரித்தேன் 2 மெல்லிய பூச்சு, சிலிண்டரின் அடியில் மெழுகு. ஒரு மாலை வேலை இது. வெளியே பளபளப்பாக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை இங்கே செலவிடச் சொல்லி ஒவ்வொரு உறுப்பினரையும் கேட்டுக்கொள்கிறேன். சிலிண்டரின் பின்மூடியை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. ஸ்பிரிங் இறுக்கத்தோடு அடைபட்டிருக்கிறது. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் திறந்தால் முகத்தில் பாயும்.

எண்ணெய் பூசும்போது காற்று வரும் துளைக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. அழுத்தத்தில் அது எரிந்து சீலையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடங்களைத் துடைத்து வையுங்கள். நுரை வைத்த உறைக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைக்காதீர்கள், நுரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: பராமரிப்பு மேசைக்குத் தனிக் கையுறை, 0000 வுல், ஷெல்லாக், சிலிக்கா ஜெல் ஆகியவற்றைச் சங்கச் செலவில் வாங்குவது, கோல்ட் புளூவைப் பூட்டிய அலமாரியில் வைத்து, பொறுப்பாளர் முன்னிலையில் மட்டும் கொடுப்பது, மழை தொடங்கும் முன் புரட்டாசியில் எல்லா உறுப்பினர்களுக்கும் கட்டை பிரித்துப் பூசும் பயிற்சி ஒன்று நடத்துவது. இம்மூன்றுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்